ஈரிழைத் துண்டு

அந்த ஓரத்தில் உட்காராதீர்கள் அம்மா, பெஞ்சுக்கு அங்கே ஒரு கால் குட்டை. இப்படி நகர்ந்து வாருங்கள். என் பையையும் துண்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். டாக்டர் மெகருன்னிசாவைப் பார்க்கத்தானே? கோப்பின் நிறத்திலேயே தெரிந்துவிட்டது. கீழே புற்றுநோய்ப் பிரிவில் சிகிச்சை முடிந்து இந்த மாடிக்கு ஏறி வருகிறவர்களுக்கு மட்டும்தான் இளஞ்சிவப்புக் கோப்பு. பதினொன்றுக்கு வரச் சொல்லியிருப்பார்கள். பன்னிரண்டரைக்குக் கூப்பிட்டால் உங்கள் நல்ல நேரம். முப்பத்தொரு ஆண்டுகள் மணி பார்த்துப் பள்ளி நடத்தியவள் நான். பிறர் நேரத்தை இப்படி அள்ளி இறைக்கிற இடங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

துணைக்கு யாரும் வரவில்லையா? சரி, சரி. கேட்கவில்லை.

என் பெயர் பூரணவல்லி. அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் பேச்சு மேடைப் பேச்சாகத்தான் இருக்கும். சிரிக்கத் தோன்றினால் சிரித்துக்கொள்ளுங்கள். "எங்கக்கா காபி கேக்குறதுன்னாலும் கொடியேத்தி வச்சுட்டுத்தான் கேப்பா" என்பாள் என் தங்கை. அவள் பெயர் அம்சவேணி. உள்ளே இருக்கிறாள். எதிரே பலகையில் எழுதியிருக்கிறதே, 'மார்பக மறுசீரமைப்பு' என்று, அதைத்தான் செய்துகொண்டாள். இன்று ஆறாவது வாரப் பரிசோதனை. நான் பலகையில் உள்ளதைப் படித்துக் காட்டினேன், அவ்வளவுதான். அந்தச் சொல்லை நானாக வாயில் எடுப்பதில்லை. 'அது' என்பேன், 'அந்த இடம்' என்பேன். "சொல்லேன்க்கா, சொன்னா நாக்கு வெந்துருமா?" என்று சீண்டுவாள். வேகாதுதான். வேகாது என்பதற்காக எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு திரிய முடியுமா?

நீங்கள் என்னை எதுவும் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். வீட்டுக்குப் போய்விடுங்கள். உயிர் தப்பிவிட்டது, முடி முளைத்துவிட்டது, நல்ல சேலை கட்டியிருக்கிறீர்கள். இனி எதற்கு இந்த மாடிப்படி?

இவள் முதன்முதலில் இந்த ஆசையைச் சொன்னபோது நான் அவளுக்கு ஒரு கதை சொன்னேன். திங்கட்கிழமைதோறும் பள்ளி வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு கதை சொல்வது என் வழக்கம். எல்லாம் நானே கட்டியவை. ஒருவனுடைய வீட்டு முன்சுவர் மழையில் விழுந்துவிட்டது. கூரை நின்றது, ஆள் பிழைத்தான். ஒரு படுதாவைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அவனோ தெருவில் போகிறவர்களுக்கு வெட்கப்பட்டு, பின்சுவரை இடித்து, அந்தக் கல்லை எடுத்து வந்து முன்சுவரைக் கட்டினான். அடுத்த மழைக்கு அந்த வீடு என்ன ஆயிற்று? மாணவியரே, நீங்களே சொல்லுங்கள். இந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். எழுநூறு பிள்ளைகள் நிற்கும் மைதானத்தில் ஒரு மூச்சுச் சத்தம் கேட்காது.

இவளுக்கு மிகப் பொருத்தமான கதை. ஏனென்றால் இங்கே செய்வதும் அதுதான். அடிவயிற்றுத் தோலையும் சதையையும் ரத்தக்குழாயோடு வெட்டி எடுத்து மேலே பொருத்தித் தைக்கிறார்கள். பின்சுவரை இடித்து முன்சுவர்! இவள் கேட்டுவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா?

"நல்ல கதைக்கா. அந்த ஆளு பொண்டாட்டி அத்தன நாளும் எங்க நின்னு சேல மாத்துனா? அதச் சொல்லலையே நீ."

கதையில் அவனுக்கு மனைவியே கிடையாது என்றேன்.

"அதான் படுதா போதும்னுட்ட" என்றாள்.

இப்படிப்பட்டவளோடு என்ன பேசுவது? வயது நாற்பத்தொன்பது. கணவர் தவறி ஒன்பது ஆண்டுகள். மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. மதுரையில் ஒரு பெரிய துணிக்கடையில் பட்டுப் பிரிவில் நிற்கிறாள். வருகிறவர்களுக்குச் சேலையைப் பிரித்துத் தன் தோளில் போட்டு, கொசுவத்தை இடுப்பில் செருகி, கண்ணாடி முன்னால் நின்று காட்டுவது வேலை. ஒரு நாளைக்கு எண்பது சேலை, நூறு சேலை. இடப்பக்கத்தை எடுத்த பிறகு முந்தானை அந்தப் பக்கம் நிற்காமல் சரிந்தது. கடைக்காரர்கள் மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார்கள். ஆனால் அவளைக் கீழ்த்தளத்தில் பை போட்டுக் கொடுக்கும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதனால்தான் கேட்கிறாள் போலும், பிழைப்புக்காக என்றால் அதில் ஒரு நியாயம் உண்டு என்று நானே இறங்கி வந்தேன். இல்லையாம்! "பை போடுறதே நல்லாத்தான்க்கா இருக்கு, உக்காந்து வேல" என்கிறாள். பின்னே எதற்கு?

"எனக்கு வேணும்."

காரணம் சொல் என்றேன்.

"காரணம் சொன்னாத்தான் குடுப்பீங்களோ? நீ என்ன ரேசன் கடையா?"

யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டேன். கேட்கக் கூடாத கேள்வியா இது? "நான் பாப்பேன்" என்றாள். என் வீட்டுக் கண்ணாடி முகத்தளவுதான் அம்மா. பொட்டு நேராக இருக்கிறதா என்று பார்க்க அது போதும். அறுபத்து நான்கு வயதுவரை எனக்கு அதற்கு மேல் தேவைப்பட்டதில்லை.

நான் ஒன்றும் செய்யாமல் வெறும் உபதேசம் மட்டும் செய்தவள் என்று நினைத்துவிடாதீர்கள். அவளுக்கு ஒரு பை தைத்துக் கொடுத்தவள் நான். ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ள. பழைய பருத்திப் பாவாடையைக் கிழித்து, உருண்டையாக வெட்டி, இரட்டைத் தையல் போட்டு, உள்ளே வெந்தயம் நிரப்பினேன். ஏன் வெந்தயம்? உடம்புக்குக் குளிர்ச்சி. கதிர்வீச்சு வைத்த சூடு தணியும். எடையும் கனகச்சிதமாக அமைந்தது. கடையில் விற்கும் ரப்பர் உருண்டையை எந்த மடையனும் வாங்குவான். மருத்துவ குணத்தோடு ஒன்று செய்ய யோசனை வேண்டாமா?

சித்திரை மாதம் திருமங்கலத்தில் ஒரு கிரகப்பிரவேசம். ஓமப் புகை, நூறு பேர், இரண்டே மின்விசிறி. வியர்த்துக் கொட்டியது. பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது எதிர் இலையில் இருந்தவர், "யாரு, வெந்தயக்களி கிண்டுறாங்களா? மணக்குதே!" என்று அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்தார். இவள் இலையை மூடிவிட்டு எழுந்து போய்விட்டாள். பாயசம் வருவதற்கு முன்னால்! விருந்துக்குப் போன வீட்டில் அப்படிச் செய்யலாமா? வீட்டுக்கு வந்து, நனைந்த துணியோடு துணியாகப் பையையும் சுருட்டிப் போட்டிருக்கிறாள். இரண்டு நாள் கழித்து எடுத்தால், தையல் இடுக்கு வழியாக வெள்ளை வெள்ளையாக எட்டிப் பார்க்கிறது. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்து காட்டினாள். "அக்கா, முளைச்சிருச்சு." சிரித்தாள் அம்மா, அப்படி ஒரு சிரிப்பு. முதல் ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அவ்வளவு சிரித்து நான் பார்க்கவில்லை. சிரித்து முடித்துவிட்டுச் சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

"இதற்கென்ன, அடுத்த முறை கடுகு போட்டுத் தைக்கிறேன்" என்றேன். மறுநாள்தான் இந்த டாக்டரிடம் முறைச்சீட்டுப் போட்டாள். என் உழைப்புக்கு அதுதான் மரியாதை.

இந்த டாக்டரம்மாவும் லேசுப்பட்டவர் அல்ல. ஏன் வேண்டும் என்று அவராவது நாலு கேள்வி கேட்டுக் குடைவார், புத்தி சொல்லி அனுப்புவார் என்று நான் கூடவே வந்தேன். ஒரே ஒரு முறை கேட்டார். "என்னோடதுதான, திரும்ப வேணும்" என்றாள் இவள். அவர் தலையை ஆட்டிவிட்டு எழுதத் தொடங்கிவிட்டார்! ஒரு மாணவி விடுப்பு கேட்டால்கூட நான் இரண்டு காரணம் கேட்பேன்.

அதற்குப் பிறகு ஆயத்தம். அதை ஏன் கேட்கிறீர்கள். எந்தக் குழாய் நல்ல குழாய் என்று பார்க்க வயிற்றுக்கு ஸ்கேன். தினமும் ஐந்து கிலோமீட்டர் நடை. பிறகு ஒரு கண்ணாடிக் கருவி, உள்ளே மூன்று வண்ணப் பந்துகள். மூச்சை உள்ளே இழுத்தால் பந்து மேலே ஏற வேண்டும். நுரையீரலுக்குப் பயிற்சியாம். நாற்பத்தொன்பது வயதுப் பெண்மணி காலையும் மாலையும் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "மூணாவது பந்து ஏறிருச்சுக்கா!" என்று கூவுகிறாள். பாலர் வகுப்பில்கூட நான் அதை அனுமதித்ததில்லை. ஆபரேஷன் அன்று காலை டாக்டர் பேனாவால் அவள் உடம்பெல்லாம் கோடு கிழித்தார். நான் வெளியே நின்றுகொண்டேன். வந்து பார்த்தால், "நில அளவைக்காரங்க வந்து கல்லு நட்டுட்டுப் போன மாதிரி இருக்கு" என்று தானே சொல்லிச் சிரிக்கிறாள். பயம் இல்லையா என்றேன். "இருக்கு. அதான் பேசிக்கிட்டே இருக்கேன்" என்றாள்.

எட்டரை மணி நேரம். இதே பெஞ்ச். தலைமுடியைவிடச் சன்னமான நூலால், பூதக்கண்ணாடி வைத்துக் குழாயோடு குழாயைத் தைத்தார்களாம். முடிந்து டாக்டர் வெளியே வந்து என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "முதல் அஞ்சு நாள் பாத்துக்கிட்டா ஜெயிச்சாச்சும்மா. அந்தச் சதைக்கு ரத்தம் போய்த் திரும்பணும். அடைச்சா ஒரு மணி, ரெண்டு மணி நேரத்துல தெரிஞ்சிரும். அப்பத் தெரிஞ்சா காப்பாத்திரலாம். தெரியாம விட்டா மொத்தமும் போயிரும், வேற எடுக்க வயித்துல இல்ல."

அதற்காக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிஸ்டர் வந்து பார்ப்பார். ஸ்டெல்லா என்று பெயர். ஐம்பதை நெருங்கிய பெண்மணி, நல்ல பொறுப்பு. நடுவில் நானும் பார்க்க வேண்டுமாம். எனக்குச் சொல்லிக் கொடுத்தார்: "புறங்கைய வைங்க டீச்சரம்மா, காய்ச்சல் பாக்குற மாதிரி. வெதுவெதுப்பா இருக்கணும். ஒரு வெரலால அமுக்கி எடுங்க, வெளுத்துட்டு உடனே சிவக்கணும். நீலம் தட்டுனாலோ ஊதா தட்டுனாலோ ஒரு சத்தம் குடுங்க. அது மேல ஒண்ணும் பாரம் படக்கூடாது. போர்வகூடத் தொடாம மேல கம்பி வளைவு வச்சிருக்கோம் பாருங்க." மூன்று நாள் பார்த்தேன். பார்த்தேன் என்றால், புறங்கையை வைத்தேன். முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டுதான். சூடு இருந்தது. அது போதாதா?

இங்கேதான் அம்மா, நான் உங்களுக்குச் சொல்ல வந்த செய்தி இருக்கிறது. கவனமாகக் கேளுங்கள்.

அம்சாவின் மகளைக் கட்டிய வீட்டார் உசிலம்பட்டிக்காரர்கள். சம்பந்தி நல்லபெருமாள், கூட்டுறவுச் சங்கத்தில் செயலராக இருந்தவர், கண்ணியமான மனிதர். இவளுக்குப் புற்றுநோய் வந்தது அவர்களுக்குத் தெரியும். வந்து அழுதுவிட்டுப் போனார்கள். இந்த ஆபரேஷனைச் சொல்ல முடியுமா? நோயைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை. ஆசையைக் கேட்டால் சிரிப்பார்கள். கட்டிக் கொடுத்த இடத்தில் அந்தப் பெண் நாளைக்குத் தலைநிமிர்ந்து நடக்க வேண்டாமா? ஆகவே நான் குடலிறக்கம் என்று சொல்லிவைத்தேன். வயிற்றில் தையல் இருக்கிறது, படுக்கையில் இருக்கிறாள், எல்லாம் பொருந்துகிறது. அது பொய் அல்ல, ஏற்பாடு. நான் வாழ்நாளில் பொய் சொன்னவள் அல்ல. என் பள்ளி நுழைவாயிலில் 'மெய்யே பேசு' என்று எழுதச் சொன்னவளே நான்தான். நீலச் சாயத்தில். இன்னும் இருக்கிறது.

நான்காம் நாள். பார்வையாளர் நேரம் நாலு மணி. நாலு அடித்ததும் கதவைத் தட்டுகிறார்கள். சம்பந்தி, அவர் மனைவி, கையில் ஒரு கட்டைப்பை நிறையச் சாத்துக்குடி. இவளோ முன்பக்கம் நாடா கட்டிய ஆஸ்பத்திரிச் சட்டையில், அது பாதி திறந்து, அந்த வளைவுக்குக் கீழே படுத்திருக்கிறாள். ஓர் ஆண்மகன் உள்ளே வருகிறார் அம்மா! கண நேரம்தான் இருந்தது. நான் என்ன செய்திருக்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள். வளைவை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். என் ஈரிழைத் துண்டை அவள் நெஞ்சுக்குக் குறுக்கே போர்த்தி, மேடுபள்ளம் தெரியாமல் இழுத்து, முதுகுப் பக்கம் ஒரு முடிச்சுப் போட்டேன். நன்றாக இறுக்கித்தான். தளர்வாகக் கட்டினால் நழுவிவிடாதா? எந்தப் பெண்ணும் செய்வதைத்தான் நானும் செய்தேன். மாராப்பை இழுத்துவிட்டேன்.

அவர்கள் உட்கார்ந்தார்கள். "தையல் பிரிச்சாச்சா?" என்றார் அந்த அம்மாள். "எனக்கும் இதே குடலிறக்கம்தானே" என்று ஆரம்பித்தார் சம்பந்தி. அவ்வளவுதான், கதை ஓடியது. உர மூட்டையைத் தூக்கியது, பிடித்துக்கொண்டது, பெரியகுளத்தில் ஒரு வைத்தியர் கட்டுப் போட்டது, கட்டு அவிழ்ந்து பேருந்தில் மானம் போனது. "தும்மும்போது கையால அமுக்கிப் பிடிச்சுக்கங்க சம்பந்தி, அதான் முக்கியம்" என்று தும்மிக்கூடக் காட்டினார். மனிதர் இருமுறை தும்மினார்.

இவள், "அக்கா, இறுக்குது" என்றாள்.

"கொஞ்சம் பொறு" என்றேன்.

"வயிறுன்னா அப்படித்தான் இறுக்கும்" என்றார் சம்பந்தி.

நாலரைக்கு ஸ்டெல்லா சிஸ்டர் தலையை நீட்டினார். "டீச்சரம்மா, பாக்கணும். எல்லாரும் ஒரு நிமிசம் வெளிய இருக்கீங்களா?" சம்பந்தி எழப்போனார். எழுந்து வெளியே நின்றால் எதற்காக என்று கேட்பார், வயிற்றைப் பார்க்க நாம் ஏன் போக வேண்டும் என்று அந்த அம்மாள் உள்ளேயே நின்றுவிட்டாலும் நிற்பார். "இப்போதுதான் பார்த்தேன் சிஸ்டர். நன்றாக இருக்கிறது. வெதுவெதுப்பாக, சிவப்பாக இருக்கிறது" என்றேன். தெளிவாக, உரக்க, தலைமையாசிரியைக் குரலில். அவர் என் முகத்தைப் பார்த்தார். "சரிங்க டீச்சரம்மா" என்று போய்விட்டார்.

அம்சா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

ஐந்தே காலுக்கு ஒருவழியாகக் கிளம்பினார்கள். நான் முடிச்சில் கை வைத்தேன். கதவு திறந்தது. கட்டைப்பையை மறந்துவிட்டாராம் சம்பந்தி! பழத்தை எல்லாம் கட்டிலில் கொட்டி, பையை உதறி, நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "தும்மும்போது... ஞாபகம் இருக்கட்டும்" என்று இன்னொரு முறை சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் ஸ்டெல்லா சிஸ்டரே வந்துவிட்டார். துண்டை அவிழ்த்தார். அவர் சத்தம் போடவில்லை. சுவரில் இருந்த மணியை அமுக்கிய கையை எடுக்கவே இல்லை.

நான் அன்றைக்குத்தான் ஒரு பார்வை பார்த்தேன். நாவல் பழம் தின்ற நாக்கு எப்படி இருக்கும்? அந்த நிறம்.

டாக்டர் காலில் செருப்பில்லாமல் ஓடி வந்தார். புறங்கையை வைத்தார். துண்டைப் பார்த்தார். "இத யாரு கட்டுனது?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்குள் இவள் முந்திக்கொண்டாள். "நான்தான் டாக்டர். குளுருச்சு. நானே இழுத்துக் கட்டிக்கிட்டேன்."

எப்படிப் பொய் பாருங்கள்! பொய் சொல்வதானால் பொருந்தவாவது சொல்ல வேண்டாமா? தலைவார இடக்கையைத் தூக்க முடியாதவள், முதுகுக்குப் பின்னால் எப்படி முடிச்சுப் போடுவாள்? டாக்டர் அந்த முடிச்சைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். போகும்போது இவள் தலையைத் திருப்பி, "அக்கா, சாத்துக்குடிய உரிச்சுச் சாப்புடு, மதியமே நீ சரியாச் சாப்புடல" என்றாள்.

மூன்று மணி நேரம். சாத்துக்குடியை நான் தொடவில்லை.

லிஃப்ட் பக்கம் ஸ்டெல்லா சிஸ்டர் நின்றிருந்தார். மேற்பார்வையாளர் அவரை ஏதோ கடிந்துகொண்டு போன பிறகு என்னிடம் வந்தார். எனக்கும் நாலு வார்த்தை விழும் என்று முதுகை நிமிர்த்திக்கொண்டேன். "பாத்தேன்னு சொன்னீங்க டீச்சரம்மா, நான் நம்பிட்டேன்" என்றார். அவ்வளவுதான். நம்பச் சொல்லி நானா அவரிடம் கையெழுத்து வாங்கினேன்? கடமையைச் செய்ய வேண்டியவர் அவர்தானே? அந்த இடத்திலேயே கேட்டிருப்பேன். தண்ணீர்க் குழாயைத் தேடிப் போய்விட்டேன். காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை, அதனால்தான்.

காப்பாற்றிவிட்டார்கள். சிரையில் கட்டியிருந்த ரத்தத்தை எடுத்து, மறுபடி தைத்து, ஓட விட்டுவிட்டார்கள். கீழ் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் கறுத்துப்போய், பிறகு அதை நறுக்கி எடுத்துத் தைத்தார்கள். அங்கே ஒரு வடு இருக்கும் என்கிறார்கள். இருக்கும் என்கிறார்கள் என்றுதான் சொல்ல முடியும். வீட்டுக்குக் கூட்டி வந்து ஐந்து வாரமாகிறது, நான் பார்க்கவில்லை. அவளும் காட்டவில்லை.

மற்றதையெல்லாம் பார்த்தேன். காயத்தில் செருகியிருந்த குழாயில் இறங்கும் நீரைக் காலையும் மாலையும் அளந்து எழுதினேன். இந்த முறை கண்ணால் பார்த்து, அளவுக் கோட்டுக்கு நேராகக் குனிந்து. வயிற்றுத் தையல் இழுக்கும் என்பதால் முதல் இரண்டு வாரம் அவள் கூனித்தான் நடந்தாள், கீழே விழுந்த ஊசியைத் தேடுகிறவளைப் போல. முழங்காலுக்கடியில் தலையணை வைத்தேன். அடிவயிற்றுக் கச்சையின் கொக்கிகளை மாட்டிவிட்டேன். பதினாறு கொக்கி. ஒவ்வொன்றையும் மாட்டும்போது "இறுக்குகிறதா?" என்று கேட்டேன். "இல்லக்கா" என்பாள். மறுபடி கேட்பேன். ஒரு நாள், "பதினாறு கொக்கிக்குப் பதினாறு தடவ கேக்கணும்னு டாக்டர் எழுதியிருக்காங்களா?" என்றாள்.

அந்தத் துண்டைப் பற்றி மட்டும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை அம்மா. திட்டட்டுமே! "உன் மானம்தான் உனக்குப் பெரிசு, என் உடம்பு உனக்குக் கிள்ளுக்கீரை" என்று கத்தட்டுமே! பதில் சொல்லியிருப்பேன். பதில் சொல்வதற்கு என்னிடம் முப்பத்தொரு ஆண்டுச் சரக்கு இருக்கிறது. வாயே திறக்காதவளிடம் எதை எடுத்து வைப்பது? அவளுக்கு வலிக்கும்போதெல்லாம் அந்தப் பொய்யை வைத்து என்னை எடைபோடுகிறாள் என்று நினைத்தேன். ஒரு நாள் கேட்டேவிட்டேன்: "எதற்காக அப்படிப் பொய் சொன்னாய்?"

அவள் பந்துக் கருவியில் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். கருவியைக் கீழே வைத்துவிட்டு, "நீ டாக்டர்கிட்டத் திட்டு வாங்குறதப் பாக்கணும்னு எனக்கு ஆச இல்லக்கா" என்றாள். "உனக்கு அது பழக்கமில்ல."

இந்தக் கதைக்கு ஒரு நீதி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். பழக்கம் விடுமா? பொய் சொன்னவள் ஒருத்தி, மெய் பேசுகிறவள் ஒருத்தி என்று தொடங்கினேன். நாலு வரி எழுதியதும் எவள் எவள் என்று எனக்கே புரியவில்லை. அடித்துவிட்டேன். பழைய சுவர்க்கதையையும் எடுத்துப் பார்த்தேன். அதில் படுதா போதும் என்று சொன்னவர் யார் என்று நான் எழுதவே இல்லை. வாசலில் நின்று கட்டிவிட்டு, உள்ளே இருப்பவளுக்கு மூச்சு முட்டுகிறதா என்று கேட்காமல் போனவர் யார் என்று... இருக்கட்டும். எழுநூறு பிள்ளைகள் கைதட்டிய கதை அது.

இதுவா? ஆமாம், அதே துண்டுதான். எத்தனை முறை துவைத்துவிட்டேன். அடுப்படிக்குப் போட மனமில்லை, பீரோவில் வைக்கவும் மனமில்லை. கையோடு வருகிறது.

கூப்பிடுகிறார்கள், கேட்டீர்களா? "அம்சவேணி அட்டெண்டர்! உள்ள வாங்க. தழும்புல எண்ணெய் தேச்சுவிடச் சொல்லித் தரணும்." தினம் இருமுறை, பத்து நிமிடம், வட்டமாகத் தேய்க்க வேண்டுமாம். குனிந்து பார்த்தாலும் அந்தக் கீழ் ஓரம் அவளுக்குத் தெரியாது. சன்னலைப் பார்த்துக்கொண்டு தேய்க்க முடியாது என்று போன தடவையே சிஸ்டர் சொல்லிவிட்டார்; எங்கே கட்டியாக இருக்கிறது, எங்கே நிறம் மாறுகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

அவள் குரல்தான் அது. "அக்கா! கூட்டத்தக் கலைச்சுட்டு உள்ள வா!" என்கிறாள். ஆஸ்பத்திரி முழுவதும் கேட்கும்படி.

வருகிறேன், வருகிறேன். அம்மா, வீட்டுக்குப் போங்கள் என்று சொன்னேன் அல்லவா. இருங்கள். உங்கள் பெயரைக் கூப்பிடும்வரை இருங்கள். காரணம் கேட்டால் ஒன்றே ஒன்று சொன்னால் போதும், அவர் எழுதிக்கொள்வார். நான் போய் என் தங்கையின் மார்பைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

இந்தத் துண்டைக் கொஞ்சம் வைத்திருக்கிறீர்களா? உள்ளே இது வேண்டாம். அப்படி இறுக்கிப் பிடிக்க வேண்டாம் அம்மா. சும்மா மடியில் போட்டு வைத்திருங்கள்.